மெலிந்த கட்சிக்காரர் எண் ஐந்து

ஏனுங்க தம்பி, மடியில வெச்சிருக்கறது கம்ப்யூட்டருங்களா? கேட்டதுல தப்பில்லீங்களே. பைல பென்குயின் படம் ஒட்டியிருக்குது பாருங்க, அதனாலதான் கேட்டேன். அது லினக்ஸுங்களே? எனக்குத் தெரியுமுங்க. வேட்டி கட்டுன ஆளுக்கு இதெல்லாம் எங்கிருந்து தெரியும்னு பாக்கறீங்க. கோயமுத்தூரு போய்ச் சேர்றவரைக்கும் நேரம் கெடக்குது, சொல்றேன். ஜன்னலை மட்டும் கொஞ்சம் சாத்திக்குங்க, காத்துல பேசறது கேக்காது.

எம் பேரு நாச்சிமுத்துங்க. வக்கீல் குமாஸ்தா. எங்கூருக் கோர்ட்டுல என்னைத் தெரியாத ஆளு கெடையாது. ஜட்ஜய்யா மாறிப் போவாரு, நான் மாறமாட்டேன். உப்பாறு லினக்ஸுன்னு ஒண்ணு கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லீங்களா. அது போகட்டும், உப்பாறுங்கற ஆத்தையே பாதிப்பேரு கேள்விப்பட்டதில்லை. அந்த லினக்ஸைத் தமிழ்ப்படுத்துனது நாந்தானுங்க. "தமிழைப் படுத்துனது"ன்னு தினகரன் சொல்லுவாரு. அவரைப் பத்தி அப்புறம் வரேன்.

இன்னிக்கு அதோட புதுப் பதிப்பு வெளியீட்டு விழா. அங்கதான் போறேன். போலாமா வேண்டாமான்னு பஸ் ஏறற வரைக்கும் யோசனை. ஏறி உக்காந்தப்புறமும் யோசனைதான். அதனால நீங்க ஒரு முடிவு சொல்லோணும். நடந்ததை நடந்தபடி சொல்றேன். ஒரு பக்கத்தை மட்டும் சொல்ற ஆளு நானில்லை. என் பக்கத்தையும் சொல்லுவேன், என் பக்கம் எதுக்கு நியாயம்ங்கறதையும் சொல்லுவேன்.

துளசிமணின்னு ஒரு அம்மிணிங்க. பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்குது. சர்டிபிகேட்டுல ஒரு மாதிரி எழுத்து, ஆதார்ல ஒரு மாதிரி எழுத்துன்னு, பேரைச் சரிபண்ண அபிடவிட் போட எங்கிட்ட வந்துது. பேசிக்கிட்டே அடிச்சுக் குடுத்தேன். கீபோர்டைப் பாக்காம அடிப்பேனுங்க நான். அந்தப் புள்ள அபிடவிட்டைப் பாக்கலை, என் விரலைத்தான் பாத்துட்டு இருந்துது. அண்ணா, எங்களுக்குத் தமிழ் அடிக்க ஆளு வேணும், காசு கெடையாது, செய்வீங்களான்னு கேட்டுது. காசு கெடையாதுன்னு முதல்லயே சொன்ன ஆளைக் கோர்ட்டு வாசல்ல அன்னிக்குத்தான் பாத்தேன். சரின்னுட்டேன்.

என்ன வேலைன்னா, துளசிமணியும் கோயமுத்தூர்ல மூணு பேரும் சேந்து நடத்தறதுதான் உப்பாறு. அதுவரைக்கும் அதை ஒரு கம்ப்யூட்டர்ல போட்டா அந்த ஒரு கம்ப்யூட்டர்ல ஓடும், அவ்வளவுதான். இந்தத் தடவை அதுல தின் கிளையண்ட் டெர்மினல் சர்வர்னு ஒண்ணைக் கொண்டாறாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன், நான் சொன்னா வேற மாதிரி இருக்கும். எங்க வக்கீல் சங்கத்து லைப்ரரிக்கு ஒரு பேங்குல கழிச்சுப் போட்ட கம்ப்யூட்டருங்க வந்து கெடந்துது. பதினெட்டு. எதுலயும் ஹார்ட் டிஸ்க்கு கெடையாது, கழட்டிட்டுத்தான் குடுத்தாங்க. காயலாங்கடைக்குப் போகவேண்டிய சாமான். துளசிமணி என்ன சொல்லுச்சுன்னா, நல்ல கம்ப்யூட்டர் ஒண்ணே ஒண்ணு வாங்கிக் குடுங்க, பதினெட்டும் அதைப் பிடிச்சுக்கிட்டு ஓடும்னுது. சுவிட்ச்சைப் போட்டதும் சின்னது ஒயர் வழியா, நான் யாரு, எனக்கு என்ன நம்பரு, என் சாமானெல்லாம் எங்கன்னு கேக்குமாம். பெரியது, நீ அஞ்சாம் நம்பரு, இந்தா புடின்னு எல்லாத்தையும் ஒயர்லயே அனுப்பி வைக்குமாம். கண்ணுக்கு முன்னால திரையும் கீபோர்டும் மட்டுந்தான் நம்முளுது. வேலையெல்லாம் அங்க நடக்கும்.

கேக்க லேசா இருக்குதுங்க. அந்தப் புள்ள பட்ட பாடு லேசில்லை. அஞ்சாம் நம்பர்ல பென் டிரைவு சொருகுனா அது அஞ்சாம் நம்பர்ல உக்காந்திருக்கறவனுக்கு மட்டும் தெரியோணும், ஆறாம் நம்பர்க்காரன் எட்டிப் பாக்கக் கூடாது. ஒருத்தன் படம் பாத்தான்னா பதினேழு பேருக்கு வேலை நிக்கக் கூடாது. எட்டு மாசம் ராவும் பகலுமா அதைத்தான் எழுதிட்டு இருந்துது. தலைமுடி கொட்டிப் போச்சுன்னு எங்க வீட்டுல இருந்து செம்பருத்தி எண்ணெய் கொண்டுபோய்க் குடுத்தேன். அப்பெல்லாம் பகை கெடையாது பாருங்க.

இப்ப ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. நான் அடிச்ச மனுவையெல்லாம் அடுக்குனா இந்த பஸ் கொள்ளாது. அதுல ஒரு வார்த்தை என் வார்த்தை கெடையாதுங்க. சீனியர் சொல்லுவாரு, நான் அடிப்பேன், கட்சிக்காரர் கையெழுத்துப் போடுவாரு, ஜட்ஜய்யா தள்ளுபடி பண்ணுவாரு. நாலு பேருத்துல எனக்கு மட்டும் பங்கே இல்லை. நானா யோசிச்சு எழுதுன ஒரு வார்த்தையை யாராவது படிக்கோணும்னு ஒரு ஆசை. பேருகூட வேண்டாமுங்க. வார்த்தை நின்னாப் போதும். அந்தத் தின் கிளையண்ட்டு விஷயத்துக்கு வர்ற அறிவிப்பெல்லாம் இங்கிலீஷுல இருக்குது, நீங்க தமிழ்ல எழுதித் தாங்கண்ணான்னு அது சொன்னப்ப, அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கலை, சந்தோசத்துல.

சரி, எழுதுனேன். கிளையண்ட்டுன்னா என்னங்க? உங்களையே கேக்கறேன். கட்சிக்காரர். எந்தக் கோர்ட்டு வாசல்ல வேணாலும் போய்க் கேளுங்க. தின்னுன்னா மெலிந்த. ஆக, மெலிந்த கட்சிக்காரர். எங்க ஆபீஸ்ல பாதிப்பேரு அப்படித்தான் இருப்பாங்க, வரும்போது இல்லாட்டியும் போகப்போக ஆயிருவாங்க. அப்புறம் சர்வர். சர்வர்னா ஓட்டல்ல இட்லி வைக்கறவரு இல்லீங்க. ப்ராசஸ் சர்வர். சம்மன் கொண்டுபோய்க் குடுக்கறவரு. அமீனா. அந்த இங்கிலீஷ்லயே ஒரு வரில ப்ராசஸ்னு இருக்குது, அடுத்த வரில சர்வர்னு இருக்குது, எனக்கு எங்கிருந்துங்க சந்தேகம் வரும்? அட்டாச்டுன்னா ஜப்தி. டைம் அவுட்னா வாய்தா முடிந்தது. ரிக்வெஸ்ட் டினைடுன்னா மனு தள்ளுபடி. யூசர்னா அனுபவதாரர், கிரையப் பத்திரத்துல அப்படித்தான் எழுதுவோம். உனக்கு இதைத் தொறக்க அனுமதி இல்லைன்னு மூஞ்சில அடிச்சமாதிரி ஒண்ணு இருந்துது. அதை மரியாதையா, "தங்களுக்கு இதில் பாத்தியதை இல்லை"ன்னு போட்டேன். சைல்டு ப்ராசஸ்னு ஒண்ணு, அதோட பேரண்ட்டு செத்துப் போச்சுன்னு வந்துது. வாரிசுச் சான்றிதழ் தேவைன்னு எழுதி வெச்சேன். அந்த ஒண்ணை மட்டும் துளசிமணி எடுத்துருச்சு. எதுக்கெடுத்துதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

எல்லாத்தையும் ஏத்தி, முதல் தடவையா ஓட்டிப் பாத்தப்ப நானும் பக்கத்துல இருந்தேன். அந்தப் புள்ள படிச்சுது. படிச்சுட்டு மேசைல தலையைச் சாச்சுக்குச்சு. தோளு குலுங்குது. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். நிமுந்தா சிரிக்குதுங்க. கண்ணுல தண்ணி ஊத்துது, பேச முடியலை, திரையைக் கையைக் காட்டுது, மறுபடியும் சிரிக்குது.

"அண்ணா, சர்வர்னா அமீனா இல்லண்ணா."

அப்புறம் என்னம்மிணின்னு கேட்டேன். வழங்கின்னு போடுவாங்களாம். கிளையண்ட்டுக்கு? வாங்கியாம். வழங்கி, வாங்கி. கோர்ட்டு வளாகத்துக்குள்ள அந்த ரெண்டு வார்த்தையைச் சேத்துச் சொல்லிப் பாருங்க, லஞ்ச ஒழிப்புக்காரங்க வந்து நிப்பாங்க. அதையும் சொன்னேன். அதுக்கும் சிரிப்பு. கடைசில கண்ணைத் தொடச்சுக்கிட்டு, இது சோதனைப் பதிப்புதானேண்ணா, இருக்கட்டும், லைப்ரரில வெச்சுப் பாக்கலாம்னுது.

அன்னிக்கு முடிவு பண்ணுனேனுங்க, இது நம்ம ஆளு இல்லைன்னு. எழுதுனவன் மூஞ்சிக்கு நேரா அப்படியா சிரிக்கறது? நெம்ப வலிச்சுது. வெளிய காட்டிக்கலை. எண்ணெய் குடுக்கறதை மட்டும் நிறுத்திட்டேன்.

அப்புறம் லைப்ரரில வெள்ளோட்டம். ஒரு திங்கக்கெழமை காலைல. எங்க சீனியர், சங்கத்து வக்கீலுங்க, குமாஸ்தாக்கள், வாய்தாவுக்கு வந்த கட்சிக்காரங்க, ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு டீக்கடைக்காரரு, ஒரே கூட்டம். துளசிமணி மெயினைப் போட்டுது. பாதிதான் வந்துது. மீதி எல்லாம் "அமீனாவைத் தேடுகிறது", "வாய்தா முடிந்தது", "அமீனாவைத் தேடுகிறது", "வாய்தா முடிந்தது", இதையே சொல்லிட்டு நிக்குது. பாத்துட்டு இருந்த வக்கீல் ஒருத்தரு, நம்ம கோர்ட்டேதான் இதுன்னாரு. என்ன சங்கதின்னா, லைப்ரரில பிராட்பேண்டு பொட்டி ஒண்ணு முன்னயே இருந்துது, அதுவும் வர்றவங்களுக்கெல்லாம் நம்பர் குடுக்கற வேலை பாக்குது. சின்னதுங்க கேக்கறப்ப எது முந்திக்குதோ அது பதில் சொல்லுது. ஒரே தெருவுக்கு ரெண்டு அமீனாவா, அதான் தகராறுன்னு நான்தான் சத்தமாச் சொன்னேன். நான் சொல்றதுக்கு முன்னாடியே துளசிமணி அந்தப் பொட்டிகிட்டப் போயி அதோட வேலையை நிறுத்திட்டு இருந்துது. இருந்தாலும் வாயால சொன்னது நானுங்களே.

இங்கதான் மாரப்பன் வரணும். மாரப்பன்னு எங்க சீனியரோட கட்சிக்காரர். அண்ணன் தம்பி கெணத்துப் பங்குத் தகராறு. எங்க ஆபீஸ்ல என்னைவிட சீனியரு அந்தக் கேஸ் கட்டு. நான் வேலைக்குச் சேந்தப்பவே அது அலமாரில இருந்துது. அண்ணங்காரன் முறைத் தண்ணி விடலைன்னு ஆரம்பிச்சது, இப்ப கெணத்துல தண்ணியும் இல்லை, கேசு மட்டும் ஊறுது. மாரப்பன் வேற, காத்தடிச்சாக் கம்பத்தைப் புடிச்சுக்கற உடம்பு. வாய்தாவுக்கு வந்தவரு, நாற்காலி காலியா இருக்குதேன்னு உள்ள வந்து உக்காந்தாரு. எத்தனாம் நம்பர்ல? அஞ்சாம் நம்பர்ல.

துளசிமணி மறுபடியும் மெயினைப் போட்டுது. பதினெட்டுலயும் எழுத்து வருது. அவரு வாய்விட்டுப் படிக்கற பழக்கக்காரரு. "அமீனாவைத் தேடுகிறது"ன்னு படிச்சாரு. சுத்தும் முத்தும் பாத்தாரு. "அமீனா வந்துவிட்டார்"னு படிச்சாரு. கதவைப் பாத்தாரு. எங்க நேரம், நெசமாவே அமீனா மருதாசலம் அப்பத்தான் வேடிக்கை பாக்கக் கதவுகிட்ட வந்து நிக்கறாரு. மூணாவது வரி வந்துது.

"மெலிந்த கட்சிக்காரர் எண் ஐந்து ஜப்தி செய்யப்பட்டார்."

துண்டு நாற்காலிலயே கெடக்குதுங்க, ஆளைக் காணோம். அமீனாவுக்கும் கதவு நெலைக்கும் நடுவுல எப்படிப் பூந்தாருன்னு யாருக்கும் தெரியலை. மெலிஞ்ச உடம்பு அதுக்கு ஒத்தாசையா இருந்திருக்கும்.

அன்னிக்குச் சாயங்காலமே அண்ணன் வீட்டுல போய் நின்னுருக்காரு. இத்தனை நாளு பொருளைத்தான் எடுத்தாங்க, இப்ப ஆளையே எடுக்கறாங்க, போதும்டா சாமின்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசித் தீத்துட்டாங்க. மறுநா அண்ணனும் தம்பியும் ஒரே வண்டில வந்து, கேசை வாபஸ் வாங்கறோம்னு சீனியர்கிட்ட நின்னாங்க. எனக்குன்னு தனியா ஒரு தேங்காய் மூட்டை. சீனியரு ஒரு வாரம் எங்கூடப் பேசலை. அத்தனை வருசமாக் கட்டிக் காத்த கேசுங்க, வலிக்காதுங்களா. இதுல என் தப்பு என்ன? நான் எழுதுனது சரியான தமிழு. உக்காந்த எடம் அவருது.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். மாரப்பன் ஓடுன சிரிப்பு அடங்குனப்புறம் எங்க குமாஸ்தாக்கள் எல்லாம் ஆளுக்கொரு நாற்காலில உக்காந்தாங்க. கம்ப்யூட்டரைத் தொட்டே அறியாத ஆளுங்களும் இருந்தாங்க. அனுபவதாரர் பெயர்னு கேட்டுது, பேரைக் குடுத்தாங்க. ஒருத்தரு வேற ஒருத்தரோட கட்டைத் தொறக்கப் பாத்தாரு, தங்களுக்கு இதில் பாத்தியதை இல்லைன்னு வந்துது, ஓ, வில்லங்கம்னு சொல்லிட்டு அவரே விட்டுட்டாரு. யாரும் யாரையும் கூப்பிடலை. துளசிமணி மூலைல கையைக் கட்டிக்கிட்டு நின்னு பாத்துட்டே இருந்துது, ரொம்ப நேரம். சிரிக்கலை. குத்தம் கண்டுபுடிக்குதுன்னு நெனச்சேன். எதிர்த்தரப்பு வக்கீலு அப்படித்தான் நிப்பாரு, குறுக்கு விசாரணைக்கு முன்னாடி.

நெனச்சபடியே ஆச்சுங்க. யாரோ ஒரு ஜூனியர் வக்கீலு அஞ்சாம் நம்பர் திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸப்ல போட்டுட்டாரு. சுத்திச் சுத்திக் கோயமுத்தூர்ல தினகரன் கைக்குப் போயிருச்சு. தினகரன் உப்பாறுல ஒரு ஆளு. நல்லவருதான், சொல்லக்கூடாது. ஆனா பஸ்ஸுக்குப் பேருந்துன்னு சொல்லி, கண்டக்டருக்குப் புரியற வரைக்கும் சில்லறை வாங்காம நிக்கற ஆளு. எட்டு மாசம் துளசிமணி உசுரைக் குடுத்து டெர்மினல் சர்வரைக் கொண்டாந்திருக்குது, ஊரே அமீனான்னு சொல்லிச் சிரிக்குதுன்னு உப்பாறு ஆளுங்க எல்லாருக்கும் போற ஈமெயில் மடல்ல எழுதிட்டாரு. உப்பாறோட மானம் போச்சாம். தண்ணியே போயிருச்சு, மானம் இருந்துதா அதுல?

ஓட்டெடுப்புன்னு வந்துது. வழங்கி, வாங்கி இருக்கறதா, அமீனா, கட்சிக்காரர் இருக்கறதா. அஞ்சு பேருக்கு ஓட்டு. துளசிமணி, தினகரன், கலைவாணின்னு இன்னொரு அம்மிணி, ரபீக்குன்னு ஒருத்தரு, அப்புறம் நானு. வெள்ளிக்கெழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள மடல்ல பதில் போடோணும். எந்த வார்த்தைக்கு அதிகமோ அதுதான் வெளியீட்டுல.

இங்கதானுங்க நான் என் அனுபவத்தைக் காட்டுனேன். கணக்குப் போட்டேன். தினகரன் எதிரி. துளசிமணி சிரிச்ச ஆளு, எதிரி. மத்த ரெண்டு பேரையும் நான் பாத்ததே இல்லை, இவங்க சொல்றதைக் கேப்பாங்க. இப்ப ஓட்டுக்கு விட்டா நாலுக்கு ஒண்ணு, தோத்துருவோம். இந்த மாதிரி நெலமைல வெவரமான தரப்பு என்ன பண்ணும்? வாய்தா வாங்கும். ஜட்ஜய்யா மாறலாம், எதிரி சலிச்சுப் போகலாம், சாட்சி ஊரைவிட்டுப் போகலாம். நேரம் எப்பவும் வாய்தா வாங்குறவன் பக்கம். மாரப்பன் கேசு அத்தனை காலம் நின்னது எதுனாலங்கறீங்க?

அதனால முறைப்படி மெமோ அடிச்சேனுங்க. "இவ்வழக்கில் கட்சி ஆடத் தக்க ஆவணங்கள் திரட்ட வேண்டியுள்ளமையால் நான்கு வார கால அவகாசம் வழங்கி உத்தரவிடப் பணிவுடன் வேண்டப்படுகிறது." வெள்ளிக்கெழமை காலைலயே அனுப்பிட்டேன். அழகா இருக்கும், அந்த மெமோவை உங்களுக்குக் காட்டோணும்.

அன்னிக்கு மத்தியானத்துல இருந்து துளசிமணி போன் பண்ணுதுங்க. நான் எடுக்கலை. எடுக்கலாமுங்களா? வழக்கு நடக்கறப்ப எதிர்த்தரப்போட நேரடியாப் பேசக்கூடாதுங்க, அது முறை. நாலு மணிக்கு, அஞ்சு மணிக்கு, விடாம அடிக்குது. வாட்ஸப்ல என்னமோ அனுப்புச்சு. தொறக்கலை. நோட்டீஸைக் கையில வாங்கலைன்னா சார்வ் ஆகலை, வந்து சேரலைன்னு அர்த்தம். கதவுல ஒட்டிட்டுப் போகட்டும்னு போனைக் கவுத்து வெச்சுட்டு, நிம்மதியா வடை சாப்பிட்டேன். மெதுவடை. சட்னி ஜோரா இருந்துது.

சனிக்கெழமை காலைல நேர்ல வந்துருச்சுங்க. நான் அடிச்சுட்டு இருக்கற எடத்துக்கே. கோவமா வந்தா ரெண்டு வார்த்தை பேசலாம்னு தயாரா இருந்தேன். கோவம் இல்லை. கட்சிக்காரங்க உக்கார்ற பெஞ்சுல உக்காந்துது. கண்ணு சிவந்திருந்துது, தூங்கலை போல. ஓட்டு ரெண்டுக்கு ரெண்டுண்ணான்னுது. சரிசமமா வந்தா வழக்கமா எல்லாரும் பொழங்கற வார்த்தையே இருக்கட்டும்னு அவங்களுக்குள்ள ஒரு விதியாம். அதனால வழங்கி, வாங்கிதான் வெளியீட்டுல. என் மெமோவைப் பத்திக் கேட்டேன். அதுல ஆமான்னும் இல்லை, இல்லைன்னும் இல்லை, ஓட்டாக் கணக்குல எடுக்க முடியாதுன்னு தினகரன் சொல்லிட்டாராம். கால அவகாசமெல்லாம் அங்க கெடையாதாம். என்ன கோர்ட்டுங்க அது?

அப்பத்தான் எனக்குக் கணக்கு ஒதைச்சுது. ரெண்டுக்கு ரெண்டா? எனக்கு ரெண்டு ஓட்டு யாரு போட்டாங்கன்னு கேட்டேன்.

"கலைவாணியும் நானும்ண்ணா."

தம்பி, நான் டைப் அடிக்கறதை நிறுத்திட்டேன். எதுக்கம்மிணி நீ போட்டேன்னு கேட்டேன். நீதானே அத்தனை சிரிப்பு சிரிச்சேன்னு கேட்டேன். சிரிப்பு வந்துது, சிரிச்சேன், இப்ப நெனச்சாலும் சிரிப்பு வருதுண்ணான்னுது. அப்புறம் சொல்லுச்சு.

"அன்னிக்கு லைப்ரரில ஒருத்தர்கூட எங்கிட்ட வந்து இது என்னன்னு கேக்கலண்ணா. எட்டு மாசம் நான் எழுதுனது அவங்களுக்குப் புரிஞ்சது உங்க வார்த்தைலதான். தினகரன்கிட்ட அதைச் சொல்லித்தான் சண்டை போட்டேன். உங்க ஓட்டு ஒண்ணு விழுந்திருந்தா நின்னுருக்கும்."

மறுபடியும் விரல் விட்டு எண்ணுனேனுங்க. ஒரு ஓட்டு. யாரோடது? என்னோடது. என் வார்த்தைக்கு என் ஓட்டு. ஆனா பாருங்க, அந்த நேரத்துலயும் என் வாய் என்ன சொல்லுச்சுன்னா, இதை முன்னாடியே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லம்மிணி, சொல்லாம விட்டது உன் தப்புதானேன்னு கேட்டுருச்சு. நியாயந்தானுங்களே? சொல்லியிருந்தா நான் எதுக்கு வாய்தா கேக்கறேன்?

"சொல்றதுக்குத்தாண்ணா கூப்பிட்டேன். ஆறு மணி வரைக்கும் கூப்பிட்டேன்."

வழக்கு நடக்கறப்ப எதிர்த்தரப்போட பேசற பழக்கம் எனக்கில்லையேம்மான்னேன். அது அழுதிருந்தாக்கூடச் சமாளிச்சிருப்பேனுங்க. அழுகலை.

"நான் எப்பண்ணா உங்களுக்கு எதிர்த்தரப்பு ஆனேன்?"

எத்தனை வக்கீல் கேக்கறதைக் கேட்டிருக்கேன், எத்தனை சாட்சி முழிக்கறதைப் பாத்திருக்கேன். இப்படி ஒரு கேள்வி எந்தக் கட்டுலயும் நான் பாத்ததில்லை. அதனால தெரிஞ்சதைப் பண்ணுனேன். வாய்தா கேட்டேன். வெளியீட்டு விழா அன்னிக்கு நேர்ல வந்து பதில் சொல்றேம்மிணின்னேன். சிரிக்கும்னு எதிர்பாத்தேன். சிரிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். சிரிக்கலை. சரிண்ணா, வாங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிருச்சு.

அந்த வாய்தா இன்னிக்குத்தானுங்க. நானும் பதில் தயார் பண்ணிப் பாத்தேன். நீ சிரிச்ச அன்னிக்கே ஆயிட்டேன்னு சொல்லலாம். அப்படிச் சொன்னா, சிரிச்சது ஒரு குத்தமான்னு கேக்கும். நீ ஆகலை, நாந்தான் ஆக்குனேன்னு சொல்றதா? அது ஒப்புதல் வாக்குமூலமாயிரும். நான் அப்படியெல்லாம் சொல்ல மாட்டேனுங்க, பக்கத்துச் சீட்டுக்காரருகிட்டக்கூடச் சொல்ல மாட்டேன். மெமோவா அடிச்சுக் குடுத்தறலாமான்னும் பாத்தேன். ரெண்டு வரிக்கு மேல விரல் போகலை. பேசிக்கிட்டே அடிக்கற விரலு இது.

என்னங்க? நேராப் போயி, தப்பா நெனச்சுட்டேம்மான்னு சொல்லிரச் சொல்றீங்களா? நீங்க சின்ன வயசு, உங்களுக்கு லேசு. சொல்லிட்டா அப்புறம் வழக்கே இல்லையேங்க. வழக்கு இல்லாம நான் அந்தப் புள்ளகிட்ட என்னத்தைப் பேசறது?

கோயமுத்தூரு, சிங்காநல்லூரு பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. எறங்கோணும். பையை எடுத்துக்குங்க, பாத்து. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க தம்பி, நீங்களும் கம்ப்யூட்டர்க்காரரு, உங்க ஆளுங்க எப்படின்னு உங்களுக்குத் தெரியும். இன்னொரு வாய்தா கேட்டா, அந்தப் புள்ள குடுக்குமுங்களா?